மண் பூஞ்சைகள்: எது எதைத் தின்று வாழ்கிறது?

வேர் உட்பூசணம், டிரைக்கோடெர்மா என்ற இரண்டு பூஞ்சைத் தயாரிப்புகளும் உரக்கடையில் ஒரே அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் விற்கப்படுகின்றன. வாங்குபவர்களில் பலர் இரண்டையும் ஒரே எருவில் கலந்து, ஒரே நாளில் வயல் முழுக்க இறைத்துவிடுகிறார்கள். பிறகு ஒன்று பலித்தது, இன்னொன்று பலிக்கவில்லை என்று குழம்புகிறார்கள். இரண்டும் பூஞ்சை என்பதைத் தவிர இவற்றுக்குள் பெரிய ஒற்றுமை கிடையாது. வேர் உட்பூசணம் உயிருள்ள வேரை அண்டித்தான் பிழைக்கும். டிரைக்கோடெர்மா மக்கும் பொருளைத் தின்று, பயிரே இல்லாத எருக்குவியலிலும் பெருகும். இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் எப்போது இடுவது, எங்கே இடுவது, எதோடு கலக்கக் கூடாது என்பதற்கெல்லாம் விடை அதிலிருந்தே கிடைத்துவிடும்.

முதலில் வேர் உட்பூசணம். பைகளில் 'வேம்' என்று போட்டிருப்பது இதைத்தான். நிலத்தில் வளரும் தாவர இனங்களில் ஏறக்குறைய 70 முதல் 80 சதவீதம் இதனோடு கூட்டு வைத்திருக்கின்றன. 40 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய தாவரப் புதைபடிவங்களிலேயே இந்தப் பூஞ்சை இருக்கிறது. தாவரங்களுக்கு முழுமையான வேர் உருவாகும் முன்பே தொடங்கிய உறவு இது.

மணிச்சத்து (பாஸ்பரஸ்) மண்ணில் லேசில் நகராது. சுண்ணாம்பு மண்ணில் கால்சியத்தோடும், செம்மண்ணில் இரும்பு, அலுமினியத்தோடும் ஒட்டிக்கொண்டு கிடக்கும். வேர் தன்னைச் சுற்றி ஓரிரு மில்லிமீட்டர் தூரத்தில் இருப்பதை உறிஞ்சி முடித்ததும் அங்கே ஒரு காலி வளையம் உண்டாகிவிடுகிறது. சற்றுத் தள்ளி எவ்வளவு சத்து இருந்தாலும் வேருக்கு எட்டாது. பூஞ்சையின் இழைகள் அந்த வளையத்தைத் தாண்டிப் பல சென்டிமீட்டர் தூரம் போய் மணிச்சத்தைக் கொண்டுவருகின்றன. இழையின் தடிமன் 2 முதல் 10 மைக்ரான்தான்; வேர்த்தூவியே நுழைய முடியாத மண் இடுக்கிலும் அது நுழைந்துவிடும். துத்தநாகமும் செம்புச் சத்தும் இதே வழியில் வருகின்றன. வறட்சியைத் தாங்குவதிலும் பயிருக்குக் கணிசமான உதவி கிடைக்கிறது.

வேருக்குள் போன இழை, செல்லின் உள்ளே மரக்கிளைபோலப் பிரிந்து பிரிந்து பரவும். கொடுக்கல் வாங்கல் நடக்குமிடம் இந்தக் கிளைகள்தான். ஒவ்வொன்றின் ஆயுளும் சில நாட்களே. பழையது கரைய, அடுத்த செல்லில் புதியது முளைத்துக்கொண்டே இருக்கும். இதற்குப் பயிர் தரும் விலையும் சின்னதல்ல: ஒளிச்சேர்க்கையில் உருவாக்கும் கார்பனில் 4 முதல் 20 சதவீதம் வரை பூஞ்சைக்குப் போகிறது. சர்க்கரை மட்டுமல்ல, கொழுப்பும் கொடுக்கிறது. இந்தப் பூஞ்சையால் கொழுப்பு அமிலத்தைத் தானாக உருவாக்க முடியாது, செடியிடமிருந்தே பெறுகிறது என்பது 2017-இல் வெளியான ஆய்வுகளில் தெளிவானது. சோதனைக்கூடத் தட்டில் வெறும் ஊடகத்தில் இதைப் பெருக்க முடியாமல் இருப்பதற்கு இதுவே முக்கியக் காரணம். வணிகத் தயாரிப்புகள் எல்லாமே ஏதோ ஒரு வேரில் வளர்த்தவைதான்: ஒன்று தொட்டியில் மக்காச்சோளம், சோளம் போன்ற செடியின் வேர், இல்லாவிட்டால் கண்ணாடிக் குடுவையில் வளர்க்கும் கேரட் வேர்த் திசு. வேரே இல்லாமல் தொழிற்சாலைத் தொட்டியில் நொதிக்கவைத்துப் பெருக்கியது என்று ஒரு விளம்பரம் சொன்னால், அந்தப் பொருளை வாங்காதீர்கள்.

செடிக்கு மணிச்சத்து தாராளமாகக் கிடைத்தால் இந்தக் கூட்டு தேவைப்படாது. மணிச்சத்து குறையும்போது வேர் ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற பொருளை மண்ணில் கசியவிடும். அதை உணர்ந்த பூஞ்சை இழை பல கிளையாகப் பிரிந்து வேரைத் தேடி வரும். இது 2005-இல் கண்டறியப்பட்டது. (சோளத்தைக் கெடுக்கும் சுடுமல்லி என்ற ஒட்டுண்ணிக் களையின் விதையும் இதே சமிக்ஞையை ஒட்டுக்கேட்டுத்தான் முளைக்கிறது.) மண்ணில் மணிச்சத்து ஏறும்போது வேர் இந்தக் கசிவைக் குறைத்துவிடும், பூஞ்சை உள்ளே வருவதையும் தடுத்துவிடும். ஆகவே மணிச்சத்து மிகுந்த டி.ஏ.பி. உரத்தை அடியுரமாக முழு அளவு போட்டுவிட்டு அதே குழியில் வேர் உட்பூசணமும் போடுவது வீண் வேலை. மண் பரிசோதனையில் மணிச்சத்து 'அதிகம்' என்று வந்திருந்தால், வேர் உட்பூசணத்துக்குச் செலவு செய்ய வேண்டாம். மணிச்சத்து உரத்தை நிறுத்துவதுதான் அங்கே முதல் வேலை. கோழி எருவை வருடக்கணக்கில் கொட்டிய நிலங்களுக்கும் இதே கதைதான். இயற்கை உரம் என்றாலும் அதில் மணிச்சத்து மிகுதி.

எல்லாப் பயிரும் இதனோடு சேராது. கடுகு, முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி ஆகியவை இருக்கும் குடும்பமும், பாலக்கீரை, பீட்ரூட், தண்டுக்கீரை ஆகியவை இருக்கும் குடும்பமும் பொதுவாக இந்தப் பூஞ்சையை வேருக்குள் விடுவதில்லை. இவற்றுக்கு வேர் உட்பூசணம் இட்டால் பயனில்லை. வெங்காயம், மிளகாய், மக்காச்சோளம், பயறு வகைகள், மரவள்ளி, எலுமிச்சை போன்றவை இதை நன்றாகப் பயன்படுத்திக்கொள்ளும். குறிப்பாக வெங்காயத்துக்கு வேரும் குறைவு, வேர்த்தூவியும் குறைவு. பூஞ்சை இல்லாவிட்டால் அது திணறும். பைன், ஓக் போன்ற மரங்களுக்கு வேரின் வெளியே உறைபோலச் சுற்றும் வேறு வகைப் பூஞ்சைகள் தேவை. பயிர்களுக்கான பை அங்கே உதவாது.

மக்காச்சோளம் முளைத்து இரண்டு மூன்று வாரத்தில் கீழ் இலைகளின் ஓரம் ஊதாவாக மாறி, செடி வளராமல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். மணிச்சத்துப் பற்றாக்குறை என்று உரம் போடத் தோன்றும். மண் பரிசோதனையிலோ போதுமான மணிச்சத்து இருப்பதாக வரும். அந்த நிலத்தில் முந்தைய பயிர் என்ன என்று பாருங்கள். முட்டைக்கோஸோ கடுகோ இருந்திருந்தாலும், நீண்ட நாள் வெறும் தரிசாகக் கிடந்திருந்தாலும், பூஞ்சை பட்டினியில் குறைந்துபோயிருக்கும். குளிர்ந்த, ஈரம் மிகுந்த மண்ணிலும் இதே ஊதா நிறம் வரும். வெயில் ஏறியதும் அது தானாகச் சரியாகிவிடும். ஆகவே முந்தைய பயிரையும் மண்ணின் குளிர்ச்சியையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து கரிசல் நிலங்களில் நீண்ட தரிசுக்குப் பிறகு பயிர் இப்படிக் குன்றி நிற்பதற்கு 'நீள் தரிசுக் கோளாறு' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். தரிசில் ஈரமும் தழைச்சத்தும் (நைட்ரஜன்) சேமிப்பானாலும், வேர் உட்பூசணம் அழிந்ததால் பயிர் தேறவில்லை என்பதை 1980-களில் அங்கே நடந்த ஆய்வுகள் காட்டின.

இதிலிருந்து வருவதுதான் என் முதன்மையான பரிந்துரை. பை வாங்குவதற்கு முன், மண்ணில் ஏற்கெனவே இருக்கும் பூஞ்சையைப் பட்டினி போடுவதை நிறுத்துங்கள். அறுவடை முடிந்த ஒரு வாரத்துக்குள் தட்டைப்பயறோ சணப்போ பல தானியக் கலவையோ விதைத்து, நிலத்தில் எப்போதும் உயிருள்ள வேர் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். மூடுபயிராகக் கடுகை மட்டும் விதைத்தால் மண்ணுக்கு மற்ற நன்மைகள் உண்டு, வேர் உட்பூசணத்துக்கு அது தரிசுக்குச் சமம். அதனோடு ஒரு பயறும் ஒரு புல் வகையும் கலந்தாக வேண்டும். முட்டைக்கோஸுக்கு அடுத்த பயிராக வெங்காயத்தைக் கொண்டுவருவது மோசமான வரிசை. இடையில் ஒரு பயறு வந்தால் நிலைமை மாறிவிடும்.

அடுத்தது உழவு. மண்ணில் பின்னிக் கிடக்கும் இழை வலையோடு நாற்றின் வேர் சேர்ந்துவிட்டால், முளைத்த சில நாட்களிலேயே அதற்குப் பங்கு கிடைத்துவிடும். ரோட்டவேட்டர் என்ற சுழல் கலப்பை அந்த வலையைத் துண்டு துண்டாக்கினால், பூஞ்சையின் வித்து (விதைபோன்ற நுண்துகள்) முளைத்து, புதிய இழை வேரைத் தேடி, எல்லாம் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பயிருக்கு மணிச்சத்து மிக அதிகமாகத் தேவைப்படும் முதல் சில வாரங்கள் இதிலேயே போய்விடும். உழவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். களை மண்டிய நிலத்தில் அது நடக்காத காரியம். ஆழமாகப் புரட்டிப் போடாமல் மேலாக உழுவது, விதைக்கும் வரிசையை மட்டும் கிளறுவது, பழைய வேர்த்துண்டுகளைப் பிடுங்கி எரிக்காமல் மண்ணிலேயே விடுவது ஆகியவை செய்யக்கூடியவை. பூஞ்சை குடியிருந்த வேர்த்துண்டே அடுத்த பயிருக்கு விதை.

வேர் உட்பூசணம் இடுவதற்கு மிகப் பொருத்தமான இடம் நாற்றங்கால். கிருமி நீக்கிய மண், தென்னை நார்க்கழிவு போன்றவற்றில் இந்தப் பூஞ்சை அநேகமாக இருக்காது. போட்டியில்லாமல் வேரில் குடியேறும். சதுர மீட்டருக்கு 100 கிராம் போதும். மேலே தூவக் கூடாது. 2 முதல் 3 சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு படலமாகப் பரப்பி, அதற்கு மேல் விதையைப் போட்டு மூடுங்கள். இறங்கும் வேர் அந்தப் படலத்தைத் தொட்டே ஆக வேண்டும். பாலித்தீன் பையில் வளர்க்கும் கன்றுக்கு 5 முதல் 10 கிராம், நடவுக் குழிக்கு 20 கிராம், வளர்ந்த மரத்துக்கு உறிஞ்சு வேர்கள் இருக்கும் இடத்தில் மண்ணைக் கிளறி 200 கிராம். இவை வெர்மிகுலைட்டோ (எடை குறைந்த கனிமத் துகள்) மண்ணோ கலந்த சாதாரணத் தயாரிப்புக்கான அளவுகள். செறிவூட்டிய தூளுக்கு அதன் பையில் இருக்கும் வித்து எண்ணிக்கையைப் பாருங்கள். குழித்தட்டு நாற்றுக்கு நீரில் கரையும் மணிச்சத்து உரத்தை நாள்தோறும் கொடுத்தால் பூஞ்சை வேருக்குள் வராது. முதல் மூன்று நான்கு வாரம் மணிச்சத்தைக் குறைத்துக் கொடுங்கள்.

சொந்தமாகத் தயாரிப்பதும் கடினமல்ல. 1 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு தொட்டி வெட்டி, கறுப்பு பாலித்தீன் விரித்துக்கொள்ளுங்கள். எடையில் 10 பங்கு வெர்மிகுலைட்டும் 1 பங்கு கிருமி நீக்கிய மண்ணும் கலந்து 20 சென்டிமீட்டர் உயரத்துக்கு நிரப்புங்கள். நம்பகமான தாய் வித்து (ஏற்கெனவே பூஞ்சை இருக்கும் தயாரிப்பு) 1 கிலோவை மேற்பரப்புக்கு 2 முதல் 5 சென்டிமீட்டர் கீழே பரப்புங்கள். மக்காச்சோள விதையை 5% சோடியம் ஹைப்போகுளோரைட்டில் 2 நிமிடம் நனைத்து, நன்றாகக் கழுவி விதையுங்கள். விதைக்கும்போது தொட்டிக்கு யூரியா 2 கிராம், சூப்பர் பாஸ்பேட் 2 கிராம், பொட்டாஷ் 1 கிராம். பிறகு 30, 45-ஆம் நாட்களில் யூரியா மட்டும் 10 கிராம் வீதம். செடி வெளிறுகிறதே என்று சூப்பர் பாஸ்பேட்டைக் கூட்டினால் தொட்டி முழுக்க வேர் இருக்கும், பூஞ்சை இருக்காது. 60-ஆம் நாளை ஒட்டி நீரைக் குறைத்து நிறுத்துங்கள். செடி வாடத் தொடங்கும்போது வித்து நன்றாகச் சேரும். தண்டைத் தரைமட்டத்தில் வெட்டிவிட்டு, வேரைப் பொடியாக நறுக்கி அந்தக் கலவையோடு சேர்த்துப் பிசறி, நிழலில் உலர்த்தி, குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள்.

இதில் பெரும்பாலும் தவறுவது மண்ணின் தூய்மையில். தோட்டத்து மண்ணை அப்படியே போட்டால் வேர்முடிச்சு நூற்புழுவையும் வாடல் நோய்க் கிருமியையும் சேர்த்துப் பெருக்கி, அதை நாற்றங்கால் முழுக்க நாமே பரப்பிவிடுவோம். மண்ணை நீராவியில் வேகவையுங்கள். முடியாவிட்டால் கடும் வெயில் காலத்தில் ஈரமாக்கி, ஒளி ஊடுருவும் பாலித்தீனால் மூடி 4 முதல் 6 வாரம் விடுங்கள். வெட்டிய வேரில் முடிச்சு தென்பட்டால் அந்தத் தொட்டி முழுவதையும் ஒதுக்கிவிட வேண்டும், தயக்கமே கூடாது. இன்னொரு தவறு, நீர் தேங்குவது. காற்றில்லாத வேரில் பூஞ்சை வளராது.

பூஞ்சை வேருக்குள் வந்ததா என்று வெறும் கண்ணால் சொல்ல முடியாது. செடி பச்சையாக இருப்பது சான்றாகாது. ஒரு சாதாரண மாணவர் நுண்ணோக்கி, 100 மடங்கு பெருக்கம், இருந்தால் வீட்டிலேயே பார்த்துவிடலாம். மெல்லிய வேர்களை மட்டும் எடுத்துக் கழுவி, 1 சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்குங்கள். 10% பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் போட்டுச் சூடாக்கினால் வேரின் உட்பொருள் கரைந்து கண்ணாடிபோல ஆகும். இளம் வேருக்குச் சில நிமிடம், தடித்த வேருக்கு அரை மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். இந்தக் கரைசல் தோலையும் கண்ணையும் அரிக்கும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம், அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது. வேரை நன்றாகக் கழுவி, வெள்ளை வினிகரில் 5% பேனா மை கலந்து 3 நிமிடம் கொதிக்கவையுங்கள். கறுப்பு மை பொதுவாக நன்றாகப் பிடிக்கும். பிறகு சில துளி வினிகர் விட்ட நீரில் 20 நிமிடம் ஊறவைத்தால் வேரில் ஒட்டிய மை போய், பூஞ்சை இழை மட்டும் நிறமாக நிற்கும். வேரின் நீளத்துக்கு ஓடும் குறுக்குச்சுவரில்லாத இழைகள், முட்டை வடிவப் பைகள், செல்லுக்குள் கலங்கலான கிளைப் புதர்: இவைதான் அடையாளம். குறுக்குச்சுவர் வரிசையாகத் தெரிந்தால் அது வேறு ஏதோ பூஞ்சை. 100 துண்டுகளைப் பார்த்து எத்தனையில் இருக்கிறது என்று எண்ணினால் ஒரு தோராயக் கணக்கு கிடைக்கும்.

இனி டிரைக்கோடெர்மா. ஹார்சியானம், விரிடி, ஆஸ்பெரெல்லம் என்று பல இனங்கள் விற்பனையில் இருக்கின்றன. நாற்றழுகல், வேரழுகல், வாடல் நோய்களை உண்டாக்கும் ரைசோக்டோனியா, பித்தியம், ஸ்கிளிரோசியம், ஃபியூசேரியம் ஆகியவற்றை இது மூன்று வழியில் கட்டுப்படுத்துகிறது. வேகமாக வளர்ந்து இடத்தையும் உணவையும் முதலில் பிடித்துக்கொள்ளும். எதிரியின் இழையைச் சுற்றிப் பின்னி, அதன் சுவரைக் கரைக்கும் நொதிகளைச் சுரந்து உள்ளிருப்பதைத் தின்னும். செடியின் எதிர்ப்பாற்றலையும் தூண்டிவிடும். இவை எல்லாமே நோய் வருமுன் நடந்தால்தான் பலன். வாடித் தொங்கும் செடியின் அடியில் ஊற்றி அதை மீட்க முடியாது.

விதை நேர்த்திக்கு ஒரு கிலோ விதைக்கு 4 கிராம். மண்ணில் இட, 1 கிலோ பொடியை 100 கிலோ மக்கிய தொழு உரத்தில் கலந்து, ஈரம் தெளித்து, பாலித்தீனால் மூடி நிழலில் 7 நாள் வைத்து, இடையில் 3, 4 நாளுக்கு ஒருமுறை கிளறுங்கள். பூஞ்சை பெருகுவது இந்த ஏழு நாளில்தான். உலர்ந்த பொடியை நேராக வெறும் மண்ணில் தூவினால் தின்ன ஒன்றுமில்லாமல் பெரும்பகுதி மடியும். எரு மக்கியிருக்கிறதா என்பதைக் கையை உள்ளே விட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னும் ஆகவில்லை. டிரைக்கோடெர்மாவுக்கு ஏற்ற வெப்பம் 25 முதல் 30 டிகிரி. கொதிக்கும் சாணக் குவியலில் அது செத்துவிடும். ஈரம், பிடித்தால் உருண்டையாக நின்று, பிழிந்தால் நீர் சொட்டாத பதம். சொதசொதவென்று இருந்தால் காற்றில்லாமல் நாற்றமெடுக்கும். அந்தக் குவியலைப் பரப்பி ஆறவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். சரியாக வந்த குவியலில் முதலில் வெள்ளை இழையும் பிறகு பச்சைப் படலமும் தெரியும். பச்சையாக வளர்வதெல்லாம் டிரைக்கோடெர்மா அல்ல என்பதால் கிளறும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள்.

கார்பென்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லி கலந்த விதையோடோ, அதை ஊற்றிய மண்ணோடோ டிரைக்கோடெர்மாவைச் சேர்க்காதீர்கள். அந்த மருந்துக்கு இது எளிதில் பலியாகும். மெட்டலாக்சில் என்ற மருந்து வேறு வகைக் கிருமிகளைக் குறிவைப்பது, இதற்குப் பெரிய கேடில்லை. காளான் வளர்க்கும் கொட்டகைக்கு அருகில் டிரைக்கோடெர்மாவைக் கலக்கவே வேண்டாம். காளான் படுக்கையைப் பாழாக்கும் பச்சைப் பூசணம் இதே குடும்பம்தான்.

வேர் உட்பூசணத்தையும் டிரைக்கோடெர்மாவையும் ஒரே பயிரில் பயன்படுத்தலாம். விதையடியில் முன்னதும், எருவில் பின்னதுமாக வைத்து, இரண்டுக்கும் இடையே ஓரிரு வாரம் விடுவதே எனக்குச் சரியாகப் படுகிறது. நாற்று வேரில் வேர் உட்பூசணம் முதலில் இடம்பிடிக்கட்டும்.

பூச்சியைத் தின்னும் மண் பூஞ்சைகளைப் பற்றிச் சுருக்கமாக. மெட்டாரைசியம், பவேரியா இரண்டும் பூச்சியின் தோலைத் துளைத்து உள்ளே போய்க் கொல்பவை. 1879-லேயே உயிரியல் அறிஞர் மெட்ச்னிகோஃப் கோதுமை வண்டுக்கு எதிராக மெட்டாரைசியத்தைச் சோதித்தார். வேர்ப்புழு மண்ணுக்குள் இருப்பதால் இந்தப் பூஞ்சைக்கு வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து தப்பிக்க அங்கே வாய்ப்பு அதிகம். மாலையில், ஈர மண்ணில், எருவோடு கலந்து வேர்ப்பகுதியில் இடுங்கள். கொல்ல ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகும். நூற்புழு முட்டையைத் தாக்கும் பர்ப்யூரியோசில்லியம் லிலாசினத்தையும் நடவுக்கு முன்பே எருவோடு இட வேண்டும். வேரில் முடிச்சு நிறைந்த பிறகு பயன் குறைவு.

வாங்கிய பையில் உயிர் இருக்கிறதா என்ற சந்தேகம் நியாயமானது. வேர் உட்பூசணத் தயாரிப்புகளைச் சோதித்த ஆய்வுகளில் வேருக்குள் குடியேறவே குடியேறாதவை பல இருந்திருக்கின்றன. பெரிய நிலத்துக்கு வாங்குமுன் ஒரு சிறு பையை வைத்துச் சோதியுங்கள். கிருமி நீக்கிய மண்ணும் மணலும் சம அளவில் கலந்து ஒன்பது தொட்டிகளில் நிரப்பி மக்காச்சோளம் போடுங்கள். மூன்றில் அந்தப் பொருள், மூன்றில் அதே பொருளை ஒரு மணி நேரம் நீராவியில் வேகவைத்துக் கொன்றது, மூன்றில் எதுவும் இல்லை. கொன்ற பொருளையும் சேர்ப்பதற்குக் காரணம், பையிலிருக்கும் கலவையிலேயே கொஞ்சம் ஊட்டச்சத்து இருக்கும். செடி அதனால் செழித்ததா, பூஞ்சையால் செழித்ததா என்று அப்போதுதான் பிரித்தறியலாம். 40 நாள் கழித்து வேரை எடுத்து மை ஏற்றிப் பாருங்கள். உயிருள்ள பொருள் இட்ட தொட்டிகளில் மட்டும் பூஞ்சை தெரிந்தால் வாங்கலாம்.

தொட்டியில் தேறியதும் வயலிலும் முழுக்க இடாதீர்கள். வயலை நீளப் பட்டைகளாகப் பிரித்து, இட்ட பட்டையும் இடாத பட்டையும் மாற்றி மாற்றி, குறைந்தது நான்கு ஜோடி, ஒரே விதை, ஒரே நீர், ஒரே உரம். முளைத்து 30-ஆம் நாள் ஒவ்வொரு பட்டையிலும் பத்துச் செடியைப் பிடுங்கி எடை போட்டு, வேரையும் பாருங்கள். அறுவடையில் விளைச்சலைத் தனித்தனியே எடை போடுங்கள். இடாத பட்டையின் வேரிலும் பூஞ்சை அதே அளவில் இருந்தால், உங்கள் மண்ணில் அது முன்பே நிறைய இருக்கிறது என்று அர்த்தம். அடுத்த ஆண்டு பைக்கு ஒதுக்கும் பணத்தில் மூடுபயிர் விதை வாங்கிவிடலாம்.